படகில் ஒரு பழைய வேட்டி இருக்கட்டும்

"நம்ம ஊருக்கு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் இருந்திருந்தா என் தம்பி பொழச்சிருப்பான்ல சார்?"

மண்டபத்திலிருந்து லோடு ஆட்டோவில் தம்பியைக் கொண்டுவந்த மீனவர், அவசரப் பிரிவு வாசலில் என்னிடம் கேட்டார். படகின் புரொப்பெல்லர் தொடையைக் கிழித்திருந்தது. ராமநாதபுரம் வந்து சேர முக்கால் மணி நேரம். காயத்தின்மேல் கைலி கைலியாகச் சுற்றியிருந்தார்கள். யாரும் அழுத்திப் பிடிக்கவில்லை. ரத்தம் முழுவதும் வண்டியிலேயே போய்விட்டது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. லண்டனில் அப்படி ஒரு சேவை 1989 முதல் இருக்கிறது. பெரும்பாலும் மக்கள் தரும் நன்கொடையில் ஓடும் அறக்கட்டளை அது. ஒயிட்சாப்பலில் உள்ள ராயல் லண்டன் மருத்துவமனை மாடியிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பும். ஆனால் நாம் நினைப்பதுபோல் அடிபட்டவரைத் தூக்கி வருவதற்காக மட்டும் அது பறப்பதில்லை. டாக்டரையும், அவசர சிகிச்சையில் பயிற்சி பெற்ற பாராமெடிக்கையும் அடிபட்டவர் கிடக்கும் இடத்திலேயே இறக்குவதுதான் அதன் முதல் வேலை. முதலுதவி முடிந்ததும் பலரை ஆம்புலன்ஸில் சாலை வழியாகத்தான் கொண்டுபோகிறார்கள், டாக்டரும் கூடவே ஏறிக்கொள்வார். இரவில் அந்தக் குழு காரில் போகிறது. 2012 முதல் ரத்தத்தையும் கையோடு எடுத்துச் செல்கிறார்கள். நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையைக்கூடத் தெருவிலேயே செய்திருக்கிறார்கள்.

நம் கடற்கரைக்கும் அப்படி ஒன்று வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் அந்தத் தம்பிக்கு முதலில் தேவைப்பட்டது ரத்தத்தை அங்கேயே நிறுத்துவது. அதைக் கரையில் நின்ற யாரும் செய்திருக்கலாம், சொல்லிக்கொடுக்க நாங்கள்தான் போகவில்லை.

சரி, இப்போது சொல்கிறேன். ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். எந்த மீன் இறங்குதளம், எந்தக் கோயில் பக்கம் என்று அடையாளம் சொல்லட்டும். இன்னொருவர் சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்தவேண்டும். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம்.

கை காலில் அப்படியும் பீறிட்டால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின்மேல் படாமல், வேட்டியை அகலமாக மடித்துக் கட்டுங்கள். முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலியில் கத்துவார், தளர்த்திவிடாதீர்கள். நைலான் கயிறு சதையை அறுக்கும், வேண்டாம். அப்புறம், கட்டிய நேரத்தைப் பேனாவால் அவர் உடம்பிலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான்.