வென்ட் வால்வு: பெற்றோல் தாங்கியின் மூச்சு

பம்பலப்பிட்டிச் சந்தியில் என் மோட்டார் சைக்கிள் மூன்றாவது தடவையாக நின்றபோது தாங்கியில் பாதிக்கு மேல் பெற்றோல் இருந்தது. தள்ளிக்கொண்டே ஒரு கராஜுக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் எஞ்சினைத் தொடவே இல்லை. தாங்கியின் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. "தம்பி, டாங்கிக்கு மூச்சு முட்டுது" என்றார். மூடியிலிருந்த சிறு துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அழுக்கை எடுத்தார், அவ்வளவுதான். வெள்ளவத்தை வரை வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அந்தத் துளையின் வேலையைத்தான் இன்றைய கார்களில் வென்ட் வால்வு செய்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்குப் போனால் அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே அமுக்கம் குறைந்து பெற்றோல் வர மறுக்கும். வெயிலில் நிற்கும் வண்டியில் நிலைமை தலைகீழ்: ஆவி பெருகி வெளியேற வழி தேடும். முன்பெல்லாம் அது நேரே காற்றில் கலந்தது. கலிபோர்னியா 1970 மாடல் கார்களிலிருந்து அதைக் கட்டுப்படுத்தியது. அப்புறம் மற்ற நாடுகளிலும் பரவியது. இப்போது அந்த ஆவி கரி நிரப்பிய ஒரு பெட்டியில் தங்குகிறது. எஞ்சின் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடுகிறது.

பல வால்வுகளுக்குள் ஒரு மிதவை இருக்கும். பெற்றோல் நிறைய நிறைய மிதவை மேலே வந்து ஆவி போகும் வழியை அடைக்கும். போக இடமில்லாத ஆவி அமுங்க, பெற்றோல் நிரப்பும் கழுத்தில் ஏறும். பெற்றோல் செட்டில் பம்பின் முனை 'டக்' என்று நிற்பது அப்போதுதான். அந்த 'டக்'குக்குப் பிறகும் "இன்னும் கொஞ்சம் அடியுங்கோ" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் வரிசையில் நின்ற நாட்களில் நானும் கேட்டிருக்கிறேன். மேலதிக பெற்றோல் கரிப்பெட்டிக்குள் போனால் பெட்டி பழுதாகும். வண்டி கவிழ்ந்தால் பெற்றோல் வெளியே கொட்டாமல் வழியை மூடும் வால்வும் உண்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். 'வென்ட்' என்பதன் வேர், காற்று என்று பொருள்படும் 'வென்டுஸ்' என்ற இலத்தீன் சொல். 'வால்வு' வந்தது 'வால்வா'விலிருந்து. மடிப்புக் கதவின் ஒரு பலகை அது. இரண்டையும் சேர்த்தால் காற்றுக் கதவு.

தமிழில் வால்வுக்கு 'ஓரதர்' என்று எழுதுவோர் உண்டு. அதர் என்றால் வழி. ஓரதர், ஒரே வழி. இரத்தத்தைத் திரும்ப விடாத இதய வால்வுக்கு அது சரியான சொல். ஆனால் காற்றை உள்ளேயும் ஆவியை வெளியேயும் விடும் நம் வால்வுக்கு அது பொருந்தாது. கதவைக் குறிக்கும் 'கவாடம்' பொருளில் 'வால்வா'வுக்கு மிக அருகில் நிற்கிறது.

'வென்ட்'டுக்கோ நம்மிடம் பழைய, அழகான சொல் இருக்கிறது: காலதர். கால் என்றால் காற்று; காற்று வரும் வழி, அதாவது சாளரம். புகாரின் மாளிகைகளை வருணிக்கும்போது சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர்' என்கிறது. மான் கண் போன்ற சாளரங்கள்! ஒரு பெற்றோல் தாங்கியின் துளைக்கு இந்தச் சொல்லைக் கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனாலும் 'காலதர்க் கவாடம்' என்று முழுதாக மாற்ற நான் சொல்லமாட்டேன். வால்வு எங்கள் பள்ளிப் பாடத்தில் இதயத்தின் இருகூர் வால்வு, முக்கூர் வால்வு என்று ஊறிவிட்ட சொல். எழுத்தில் 'காலதர் வால்வு' போதும். பேச்சில் 'மூச்சு வால்வு' என்றால் எந்த பாஸுக்கும் விளங்கும். அந்தச் சொல்லின் பாதியை எனக்குத் தந்தவரே ஒரு பாஸ்தானே.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைக்குப் போனால் மட்டும் 'வென்ட் வால்வு' என்றே கேளுங்கள். வண்டியின் மாடலையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் பழையதைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள்.