ஃபிஸ்டுலா என்றால் பௌத்திரம் மட்டும்தானா?

ஃபிஸ்டுலாவுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் பலரும் சட்டென்று பௌத்திரம் என்பார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் 'மூலம், பௌத்திரம்' என்று சேர்த்தே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் அது ஆசனவாய்ப் பக்கம் வருகிற ஒரு வகைக்கு மட்டுமான பெயர். பிரசவத்தில் வருகிற ஃபிஸ்டுலாவுக்கும் அதையே போட்டால், படிக்கிறவர் மூலத்துக்கான பத்தியத்தைத் தேடிப் போய்விடுவார்.

சொல் லத்தீன். குழாய், நாணல் தண்டு என்று பொருள், இடையர் ஊதும் குழலுக்கும் அதே பெயர்தான். மருத்துவத்தில், இணையக்கூடாத இரண்டு உறுப்புகளுக்கு நடுவே விழுந்துவிட்ட வழி. பிள்ளையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி, வலி நாள்கணக்கில் நீண்டு, சிசேரியனுக்கும் வசதி இல்லாத ஊரில், தலைக்கும் எலும்புக்கும் இடையே நசுங்கிய சதை ரத்தம் போகாமல் செத்துவிடுகிறது. சில நாளில் அது கழன்று விழ, சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவே ஓட்டை. சிலருக்கு மலக்குடல் பக்கமும். அப்புறம் இரவு பகலாகச் சிறுநீர் வழியும். பிள்ளையும் பெரும்பாலும் இறந்தே பிறந்திருக்கும்.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் 'புரை'. உள்ளே குழல் போன்ற வெற்றிடம் என்று பொருள், புண் புரையோடிவிட்டது என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். ஆனால் இந்தச் சொல்லில் ஒரு வில்லங்கம் உண்டு. 'புரைதீர்ந்த நன்மை' என்று குறள் சொல்லும்போது புரை என்றால் குற்றம். நாற்றம் என்று சொல்லி வீட்டை விட்டே ஒதுக்கப்படும் பெண்ணின் காயத்துக்குக் குற்றம் என்ற பொருளும் ஒட்டிய பெயரா என்று எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. கண்புரை வேறு குறுக்கே வருகிறது. அதனால் வெறும் புரை வேண்டாம், 'பேறுகாலப் புரைவழி' என்று எழுதலாம் என்பது என் கட்சி. முதல் தடவை எழுதும்போது பக்கத்திலேயே ஃபிஸ்டுலா என்றும் போட்டுவிடுங்கள், ஆஸ்பத்திரியில் காதில் விழப்போவது அதுதான்.

இந்தச் சொல்லோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஊர் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா. 1959-இல் அங்கே வேலைக்குப் போன கேத்தரின், ரெஜினால்ட் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதி, 1974-இல் இதற்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். அங்கே நோயாளியாக வந்து குணமானவர்களில் பலர் பிறகு அங்கேயே செவிலிய உதவியாளர்களாக இருந்தார்கள். அப்படி நோயாளியாக வந்த மாமிட்டு கஷே என்பவர் மருத்துவக் கல்லூரிப் பக்கமே போகாமல், கூடவே நின்று பழகி, அறுவை செய்கிற அளவுக்கு வளர்ந்தார். புதிதாக வந்தவளுக்கு, இதே பாயில் படுத்து எழுந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது டாக்டர் சொல்லும் பத்து வார்த்தைக்குச் சமம் என்று நினைக்கிறேன்.

ஓட்டையைத் தைத்ததும் கதை முடியாது. ஒன்றிரண்டு வாரம் சிறுநீர் வடிய டியூப் போட்டிருக்க வேண்டும், தையல் ஆறும்வரை சிறுநீர்ப்பை நிரம்பி விரியக்கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள், ஆனால் வழிந்துவிடுமோ என்று பயந்து வருடக்கணக்கில் தண்ணீரைக் குறைத்தே பழகியவளுக்கு ஒரு டம்ளர் தூக்குவதே பெரிய காரியம். நரம்பு நசுங்கிக் கால் பாதம் தொங்கிப்போனவர்களுக்கு நடைப் பயிற்சியும் வேண்டும். மாதக்கணக்கில் தாம்பத்தியம் கூடாது, அடுத்த பிள்ளை சிசேரியனில்தான்.

புண் ஆறுவதற்கும் மனம் தேறுவதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான், ஆறுதல். ஆனால் இரண்டும் ஒரே நாளில் நடப்பதில்லை. டியூபை எடுத்து, படுக்கை காய்ந்திருந்த பிறகும், ராத்திரியில் எழுந்து பாயைத் தடவிப் பார்ப்பவள் உண்டு. இறந்த பிள்ளைக்காக அதுவரை அழ இடம் கிடைக்காதவள் அப்போதுதான் அழத் தொடங்குவாள்.

இன்னொன்று. வழி நன்றாக மூடிய பிறகும் சிலருக்கு இருமினால், சிரித்தால் சிறுநீர் கசியும். அதை ஃபிஸ்டுலா திரும்பிவிட்டது என்று எழுதாதீர்கள். அதற்குப் பெயர் அழுத்தச் சிறுநீர்க் கசிவு, பயிற்சியும் சிகிச்சையும் வேறு. பயந்துபோய் ஊருக்குத் திரும்பாமல் இருக்கிறவளிடம் முதலில் சொல்ல வேண்டியதும் அதைத்தான்.