செய்தியில வர்ற கோடிகளை நம்பி மெஷின் புக் பண்ணாதீங்க

மறுபடியும் ஒருத்தர் மாட்டிட்டு வந்திருக்காருங்க. கோயம்புத்தூர்ல பம்ப் பார்ட்ஸ் ஜாப் வொர்க் பண்ணி நல்லா இருந்த மனுஷன், வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சு ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் (அஞ்சு அச்சுல திரும்பி உலோகத்தைச் செதுக்கற விலை கூடின கம்ப்யூட்டர் மெஷின்) இறக்கிட்டாரு. ஏனுங்க இப்படினு கேட்டா "டிஃபென்ஸ் காரிடார் வந்துருச்சுல்ல, ஆர்டர் தானா வரும்னு கன்சல்டன்ட் சொன்னாரு"ங்கறாரு. ஏரோஸ்பேஸ் குவாலிட்டி சிஸ்டம் போட்டுக் குடுக்கறதும் பட்டறைங்களை ஆடிட்டுக்கு ரெடி பண்றதும்தான் என் பொழப்பு. என்கிட்ட வர்றவங்கள்ல முக்காவாசி பேரு மெஷினை வாங்கின பின்னாடிதான் வர்றாங்க, அதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிக் கேக்கணும்னு ஏன்தான் தோணாதோ தெரியல.

காரிடார் கதையை, அதாவது ராணுவத் தளவாடத் தொழிலை வளர்க்க அரசு குறிச்ச ஊருங்க கதையை, முதல்ல முடிச்சுடறேன். 2018 பட்ஜெட்ல அறிவிச்ச ரெண்டு காரிடார்ல ஒண்ணு நம்முது, இன்னொண்ணு உத்தரப்பிரதேசம். நம்ம பக்கம் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சினு அஞ்சு ஊரு. 2022ல மாநில அரசு தனியா ஏரோஸ்பேஸ் டிஃபென்ஸ் பாலிசி போட்டுச்சு, பத்து வருஷத்துல 75,000 கோடி முதலீடு, 1 லட்சம் பேருக்கு வேலைனு டார்கெட். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. ஆனா இதுலெல்லாம் இருக்கறது இடம், மானியம், டெஸ்டிங் வசதி, ட்ரெயினிங். ஆர்டர் கிடையாது. ஆர்டர் போடறது காரிடாரைப் பாத்துக்கற மாநில அரசு நிறுவனமான டிட்கோ இல்லைங்க, விமானம் பண்ற ஹெச்ஏஎல்லோ டாங்கி பண்ற ஆவடி ஏவிஎன்எல்லோ இல்ல அவங்களுக்கு சப்ளை பண்ற பெரிய கம்பெனியோதான், அந்த பையருக்கு, அதாவது வாங்கறவருக்கு, உங்க பட்டறை காரிடார் ஊர்ல இருக்கா இல்லையாங்கறதே மேட்டர் இல்ல, அவருக்கு வேண்டியது டிராயிங் படி பார்ட்டும் அது கூட வர வேண்டிய பேப்பரும்.

இப்ப எனக்கு பிபி ஏத்தற விஷயத்துக்கு வரேன். "பாதுகாப்புத் துறை இத்தனை ஆயிரம் கோடிக்கு ஒப்புதல்"னு அடிக்கடி நியூஸ் வருதுல்ல, வந்த அரை மணி நேரத்துல எல்லா இண்டஸ்ட்ரி வாட்ஸப் குரூப்லயும் ஃபார்வர்ட், கூடவே ராக்கெட் எமோஜி. அது ஆர்டர் இல்லைங்க! டிஃபென்ஸ் அக்விசிஷன் கவுன்சில் குடுக்கறது படைகளுக்கு இந்தப் பொருள் தேவைதான்னு ஒத்துக்கற ஒரு முடிவு, அவ்ளோதான். வீட்ல பையனுக்குக் கல்யாணம் பண்ணிடலாம்னு பேசியிருக்காங்க, பொண்ணே இன்னும் பாக்கல, நீங்க மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க. அதுக்கப்புறம் டெண்டர், ட்ரையல், விலை பேசறது, பெரிய தொகைன்னா கேபினட் கமிட்டி வரைக்கும் போகணும், அதுக்கும் அப்புறம்தான் கையெழுத்து.

சந்தேகமா இருந்தா தேஜஸ் மார்க் ஒன் ஏ போர் விமானத்தோட கதையைப் பாருங்க. 83 விமானத்துக்கு கவுன்சில் ஓகே சொன்னது 2016 நவம்பர். ஹெச்ஏஎல் கூட ஒப்பந்தம் ஆனது 2021 பிப்ரவரி, சுமார் 48,000 கோடி. முதல் விமானம் 2024 மார்ச்ல வரணும், வரல. அமெரிக்கா ஜிஇ கம்பெனியில இருந்து வர வேண்டிய எஞ்சின்ல முதல் எஞ்சினே 2025 மார்ச்லதான் வந்துச்சு. 2016ல அந்த நியூஸைப் பாத்து மெஷின் வாங்கின ஆளு என்ன ஆயிருப்பாருனு யோசிங்க. எஞ்சின் லேட்டானா நீங்க பண்ற பிராக்கெட்டோட (தாங்கிப் பிடிக்கற சின்னப் பாகம்) ஷெட்யூலும் சேர்ந்து தள்ளிப் போகும், பேங்க் ஈஎம்ஐ ஒரு நாள் கூட தள்ளிப் போகாது.

சரி ஆர்டர் வந்துருச்சுனே வச்சுக்குவோம், எத்தனை பீஸ்? ஒரு விமானத்துக்கு 4 பிராக்கெட்னா 83க்கு 332, ஸ்பேர் கொஞ்சம் சேத்துக்கோங்க, அதுவும் பல வருஷத்துக்குப் பிரிச்சு. மாசம் ஆயிரக்கணக்குல பம்ப் பார்ட்ஸ் ஓட்டின கைக்கு இது எம்மாத்திரம், அந்த ஃபைவ் ஆக்சிஸ் இதைச் சில வாரத்துல முடிச்சுட்டு ஈ ஓட்டும். மெஷின் விக்க வர்ற தம்பி இந்தக் கணக்கைச் சொல்லவே மாட்டாரு.

அந்த 332ம் சும்மா போயிடாது. ஒரு பட்டறையில பண்ணின அலுமினியம் பிராக்கெட்டை சிஎம்எம்ங்கற அளவு பாக்கற மெஷின்ல போட்டுப் பாத்தேன், ஒரு டைமென்ஷன் கூட டாலரன்ஸ (அனுமதிச்ச அளவு வித்தியாசத்தை) விட்டு வெளிய போகல, எட்ஜ்ல விரல் வச்சா ஒரு பர் (பிசிறு) கூட தட்டல, அவ்ளோ அழகா இருந்துச்சு. மொத்த லாட்டும் ரிஜெக்ட்! ஏன்னா ராக்ல ஒரே சைஸ்ல ரெண்டு லாட் அலுமினியக் கம்பி கலந்து கிடந்துச்சு, கட் பண்ணி மிச்சம் வச்ச துண்டுல பெயிண்ட் மார்க் இல்ல, எந்த பீஸ் எந்த மில் சர்டிபிகேட்டுக்கு (உலோகத்தோட தரத்துக்கு ஆலை குடுக்கற சான்று) சொந்தம்னு அங்க யாராலயும் சொல்ல முடியல. இதைச் சரி பண்ண கோடி ரூபாய் மெஷின் வேண்டாம், ஒரு பெயிண்ட் டப்பா, ஒரு ரெஜிஸ்டர், அதை தினமும் எழுதற ஒரு ஆளு போதும். அலுமினியத்து மேல பாதுகாப்புப் படலம் ஏத்தற அனோடைசிங்கும் அப்படித்தான், பக்கத்துத் தெரு ஷாப்ல குடுத்து வாங்க முடியாது, கஸ்டமர் அப்ரூவ் பண்ணின இடத்துலதான் பண்ணணும், அந்த லாரி வாடகையையும் சேத்து கோட் பண்ணுங்க.

அப்புறம் சர்டிபிகேட் வியாபாரிங்க. ஏஎஸ் 9100ங்கறது ஏரோஸ்பேஸ் வேலைக்கான தரச் சான்று. "ஏஎஸ் 9100 ஏழே நாள்ல"னு ஒருத்தன் வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க. நிஜமான சர்டிபிகேட் எதுவா இருந்தாலும் ஓயாசிஸ்னு ஒரு சர்வதேச டேட்டாபேஸ்ல இருக்கும், பையர் ரெண்டு நிமிஷத்துல செக் பண்ணிடுவாரு. சிஸ்டம் போட்டுக் குடுக்கற கன்சல்டன்ட்டும் ஆடிட் பண்றவரும் ஒரே ஆளா இருந்தா அதுவும் போலிதான். சிறு தொழில்னு அரசு கிட்ட பதியற உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் ஃப்ரீ, அதுக்குக் காசு கேட்டா குடுக்காதீங்க. பார்ட்ஸ் மெஷினிங் பண்ண டிஃபென்ஸ் லைசென்ஸ் வாங்கித் தர்றேன்னு லட்சக்கணக்குல கேக்கறாங்க, பெரும்பாலான உதிரி பாகத்தை 2014லயே அந்த லைசென்ஸ் லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு, லிஸ்ட்டைப் படிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க. பாதுகாப்புத் துறையோட ஐடெக்ஸ் நிதித் திட்டத்துல 1.5 கோடி வாங்கித் தர்றேன்னு சொல்றவங்க கிட்ட, அது புதுசா ப்ராடக்ட் டெவலப் பண்றவங்களுக்கு, நம்ம பங்கும் போடணும், ஸ்டேஜ் ஸ்டேஜாத்தான் பணம் வரும்னு திருப்பிச் சொல்லிப் பாருங்க, ஆளு அந்தப் பக்கம் வரவே மாட்டான். மெஷினுக்கு வர்ற மானியமும் முன்னாடி கைக்கு வராது, நீங்க வாங்கி ஓட்டின பின்னாடிதான் கிளைம், அதை நம்பி மார்ஜின் மணி (லோனுக்கு நாம போடற கைக்காசு) கணக்குப் போடாதீங்க.

இப்ப என்னதான் பண்றதுனு கேப்பீங்க. இருக்கற விஎம்சி மில்லிங் மெஷினை வச்சே ஆரம்பிங்க. பாதுகாப்புத் துறை 2020ல ஆரம்பிச்ச ஸ்ரீஜன் போர்ட்டல்ல, இங்கயே பண்ணிக்குடுக்க ஆள் தேடற சாமான்களைப் போட்டு வச்சிருக்காங்க, புஷ், சீல், பிராக்கெட்னு நம்ம கைக்கு அடங்கறது நிறைய இருக்கு. கோவை சிறுதொழில் சங்கமான கொடிசியாவோட டிஃபென்ஸ் இன்னோவேஷன் சென்டர் இங்கயே இருக்கு, போய்க் கேளுங்க, கேக்கறதுல வெக்கம் என்ன? பழைய பம்ப் கஸ்டமரை மட்டும் விட்டுடாதீங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன், சம்பளம் போடறது அவர் காசுலதான். சிறு, குறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள்ள பேமென்ட் குடுக்கணும்னு சட்டம் இருக்கு, லேட்டானா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி கூட கேக்கலாம், ஆனா கஸ்டமர் போயிடுவாருனு பயந்து பெருசா யாரும் கேஸ் போடறதில்ல, அதனால குறைஞ்சது ஆறு மாசம் தாங்கற அளவு கையில வச்சுக்கிட்டு இறங்குங்க.

அடுத்த தடவை "கோவைக்குக் கொட்டப் போகும் ஆர்டர்"னு ஃபார்வர்ட் வந்தா எனக்கு அனுப்பி "இது நெசமாங்கண்ணா"னு ஒரு வார்த்தை கேளுங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. ஃப்ரீயாவே சொல்றேன்.