கிரஷர் தூசி: மனுவில் என்ன எழுதணும், டாக்டரிடம் என்ன சொல்லணும்

திருநெல்வேலி மாவட்டத்தில் மானூர், ராதாபுரம் பக்கம் குவாரியையும், கல்லைச் சல்லியாக உடைக்கும் கிரஷரையும் ஒட்டிய தெருக்களில் கொடியில் காயும் வேட்டியை உதறினால் வெள்ளையாகப் பறக்கும். அந்தப் பருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போவது 4 மைக்ரானுக்கும் சிறிய பொடி (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கல்லில் குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம் இருந்தால் கூடவே சிலிக்காப் பொடியும் போகும். அதனால் நுரையீரலில் தழும்பு விழுந்து இறுகினால் அந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். அந்தத் தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது. காசநோயும் எளிதில் பிடிக்கும். அதில் முதலில் மாட்டுவது கிரஷரில் வேலை பார்ப்பவர்கள்தான். அக்கம்பக்கத்து வீடுகளில் ஆஸ்துமா முற்றும், வறட்டு இருமல் விடாது, கண் உறுத்தும்.

தூசி கிளம்பும் இடங்கள் மூன்று: கல்லை முதலில் நெரித்து உடைக்கும் ஜா கிரஷரில் கல் விழும் வாய், ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததற்குச் சல்லி விழும் இடம், சல்லடை. மூன்றிலும் தண்ணீர் தெளிக்க வேண்டும், சல்லடையைத் தகரத்தால் மூட வேண்டும். ஆனால் உப்பான போர்வெல் தண்ணீரில் நாசில் (தண்ணீர் தெளிக்கும் முனை) அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கூடினால் பொடி ஈரமாகிச் சல்லடைக் கண்ணை அடைக்கும். உற்பத்தி குறையுமே என்று வால்வை மூடிவிடுவார்கள். அதனால் குழாய் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதாது, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளக்கும் மிதக்கும் தூசி, கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. குடியிருப்பில் 24 மணி நேரச் சராசரிக்கு வரம்பு, பிஎம்10 (10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசி) என்றால் 100 மைக்ரோகிராம், பிஎம்2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும்) என்றால் 60. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று வீசுவதால் கிரஷருக்குக் கிழக்கே இருக்கும் வீடுகளுக்குத்தான் அடி. அளக்கும் கருவியை மேற்கே வைத்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்றால் அதை ஏற்காதீர்கள்.

‘தூசி தாங்க முடியவில்லை’ என்று மட்டும் எழுதிய மனு கோப்பிலேயே கிடக்கும். தேதி, நேரம், காற்று அடித்த திசை, எந்த இடத்தில் தூசி கிளம்பியது, தண்ணீர் ஓடியதா என்று எழுதி, வீடியோவும் சேருங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி இசைவாணை (கிரஷரை நடத்த வாரியம் தந்த அனுமதி) நகலையும் கடைசிக் காற்றுத் தர அறிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இசைவாணையில் உள்ள எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று எண்ணைக் குறித்து, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

வீட்டில் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் படிந்த பொடி மறுபடி கிளம்பும். துண்டைக் கட்டிக்கொண்டால் நுண்தூசி நிற்காது. என்95 முகக்கவசம் வேண்டும், மூக்கோரக் கம்பியை அழுத்தி மாட்ட வேண்டும்.

இருமல் 2 வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். கிரஷரில், குவாரியில் வேலை பார்த்திருந்தால், விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தாலும், டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எக்ஸ்ரேயோடு, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.