‘போன வருஷம் நல்லதுன்னீங்க, இப்போ வேண்டாங்கிறீங்களே டாக்டர்?’

ஆஸ்பிரினைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் அளவுக்கு வேறெந்த மாத்திரையைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. “என் வயசுக்காரங்க எல்லாரும் இதயத்துக்கு நல்லதுன்னு தினமும் ஒண்ணு போடுறாங்க, நானும் ஆரம்பிக்கட்டுமா?” என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். “ஆஸ்பிரினால ஆபத்துதான் அதிகமாமே, புது ஆராய்ச்சி சொல்லுது, அதான் நிறுத்திட்டேன்” என்பவர்கள் இன்னொரு பக்கம். அப்படி நிறுத்திவிட்டு வந்தவர்களில் ஒருவர், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர். கேட்ட எனக்குத்தான் படபடப்பு வந்தது. அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

அவர் படித்த செய்தி பொய்யில்லை. ஆனால் அது அவரைப் பற்றிய செய்தியில்லை.

1988-இல் ‘ஐசிஸ்-2’ என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. மாரடைப்பு வந்துவிட்ட 17 ஆயிரம் பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். ஆஸ்பிரின் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்துக்குள் 11.8 சதவீதம் பேர் இதயம், ரத்தக்குழாய் சார்ந்த காரணங்களால் இறந்தார்கள். ஆஸ்பிரின் கிடைத்தவர்களில் அது 9.4 சதவீதம். அவ்வளவு மலிவான ஒரு மாத்திரைக்கு இது பெரிய காரியம். மாரடைப்பு வந்தவருக்கு இவ்வளவு நல்லது என்றால் வராதவருக்கும் முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கலாமே என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் இருந்தது, மக்களிடமும் இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் 2018-இல் அடுத்தடுத்து வந்தன. ‘ஆஸ்ப்ரீ’ ஆய்வில் 19,114 பேர். பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்கள், இதய நோய் இல்லாதவர்கள். பாதிப் பேருக்குத் தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவாகக் கவனித்தபின் கணக்குப் பார்த்தால், இதய நோயில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கடுமையான ரத்தக்கசிவு மட்டும் 2.8 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாகக் கூடியிருந்தது. சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரை ஏழு வருடத்துக்கு மேல் கவனித்த ‘அசெண்ட்’ ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தன. கடுமையான ரத்தக்கசிவு 3.2 சதவீதத்திலிருந்து 4.1 சதவீதமாக ஏறியது. நூறு பேர் ஏழு வருடம் விழுங்கினால் ஒருவர் தப்பிக்கிறார், கிட்டத்தட்ட இன்னொருவருக்கு ரத்தம் கசிகிறது.

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை ஆஸ்பிரின் தடுக்கிறது. இதயத்தின் ரத்தக்குழாயில் அது நமக்கு வேண்டியது, வயிற்றுப் புண்ணில் வேண்டாதது. மாத்திரைக்கு இடம் பார்த்து வேலை செய்யத் தெரியாது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து அதிகம், அதனால் லாபமும் அதிகம். இதய நோயே இல்லாத எழுபது வயதுக்காரருக்கு லாபம் சொற்பம், ரத்தக்கசிவு ஆபத்தோ குறைவதில்லை. மருந்து அதேதான், அதன் வேலையும் அதேதான், விழுங்குகிற ஆள்தான் வேறு. 1988-இன் முடிவு இன்றும் அப்படியே நிற்கிறது, 2018-இன் முடிவு அதை அழிக்கவில்லை. மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் என்று ஏதாவது ஒன்று இருப்பவர்கள் ‘ஆஸ்பிரினால் ஆபத்து’ என்ற செய்தித் தலைப்பைப் பார்த்துப் பதறவே வேண்டியதில்லை.

“ஆராய்ச்சிக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்ற சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பெரும்பாலும் அவர்கள் வேறு வேறு ஆட்களைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

நிஜமாகவே முடிவு தலைகீழாகத் திரும்பிய கதைகளும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரை அதில் முக்கியமானது. அதை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது என்று பல வருடக் கவனிப்பு ஆய்வுகள் சொல்லின. கவனிப்பு ஆய்வு என்றால், மருந்தை யாரும் பிரித்துக் கொடுப்பதில்லை. தாமாக எடுத்துக்கொண்டவர்களையும் எடுத்துக்கொள்ளாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. அப்படித் தேடிப்போய் ஹார்மோன் வாங்கிச் சாப்பிட்டவர்கள் யார்? வசதி உள்ளவர்கள், படித்தவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள், மருத்துவரை ஒழுங்காகப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு மாரடைப்பு எப்படியும் குறைவாகத்தான் வந்திருக்கும். நல்ல பெயர் மட்டும் மாத்திரைக்குப் போய்ச் சேர்ந்தது.

இதைத் தீர்க்க ஒரே வழி, யாருக்கு மருந்து யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிடுவது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து அப்படிச் செய்தார்கள். கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை. 2002-இல், குறித்த காலத்துக்கு முன்பே ஆய்வை நிறுத்த வேண்டி வந்தது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையை விட்டார்கள்.

அந்த 26 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பத்தாயிரம் பெண்களை ஒரு வருடம் கவனித்தால், வெற்று மாத்திரைக் குழுவில் சுமார் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் குழுவில் 38 பேருக்கு. பத்தாயிரத்துக்கு எட்டுப் பேர் கூடுதல். மாரடைப்பு 30 பேருக்கு வந்த இடத்தில் 37, பக்கவாதம் 21 இருந்த இடத்தில் 29. இடுப்பெலும்பு முறிவு 15-இலிருந்து 10 ஆகவும், பெருங்குடல் புற்றுநோய் 16-இலிருந்து 10 ஆகவும் குறைந்தன. மொத்த இறப்பில் வித்தியாசம் இல்லை. எட்டுப் பேர் என்பது சின்ன விஷயம் என்று சொல்ல நான் வரவில்லை, அந்த எட்டில் ஒருவராக இருப்பவருக்கு அது நூறு சதவீதம். ஆனால் “26 சதவீதம்” என்று கேட்ட ஒரு பெண் தன்னைப் போன்ற நூறு பேரில் 26 பேருக்குப் புற்றுநோய் வரும் என்றுதானே நினைப்பார்? என்னிடம் வந்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்தக் கதை அதோடு முடியவும் இல்லை. ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அதாவது பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பல வருடம் ஆகியிருந்தது. உடல் திடீரென்று கொதித்து வியர்த்து, தூக்கம் கெட்டு அவதிப்படுகிற ஐம்பது வயதுப் பெண்ணின் நிலைமை வேறு. அறுபது வயதுக்குள் இருப்பவர்கள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்குத் தொந்தரவு கடுமையாக இருந்தால், மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ முன்பு வந்திராவிட்டால், ஹார்மோன் சிகிச்சையை யோசிக்கலாம் என்பதே இப்போதைய மருத்துவ நிலைப்பாடு. 2002-இன் பயத்தில் வருடக்கணக்காக வாயை மூடிக்கொண்டு கஷ்டப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்த இரண்டாம் பாதியை யாரும் தலைப்புச் செய்தியாக்கிச் சொல்லவில்லை.

கவனிப்பு ஆய்வை நம்பி ஏமாந்ததற்கு இன்னொரு உதாரணம், உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின். காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பதைக் கண்டு, அவற்றில் உள்ள பீட்டா கரோட்டினைப் பிரித்து மாத்திரையாக்கி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இதே போன்ற ஆய்வை 1996-இல் பாதியில் நிறுத்தினார்கள், அங்கேயும் கூடுதல்தான். வைட்டமின் மாத்திரைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். புகைபிடிப்பவர் கையில் அந்த மாத்திரை கெடுதல் செய்திருக்கிறது.

இந்த வகையில் இன்னும் கசப்பான பாடம் 1989-இல் வந்தது. மாரடைப்புக்குப் பிறகு இதயத்துடிப்பு இடையிடையே தாறுமாறாகத் துள்ளினால் திடீர் மரணம் அதிகம். அந்தத் துள்ளலை அடக்கும் மருந்துகள் இருந்தன. கொடுத்தால் ஈசிஜி அழகாகிவிடும். குலுக்கல் முறையில் சோதித்தபோது, ஈசிஜி அழகானவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். எண்ணோ வரைபடமோ சரியாவது வேறு, ஆள் நன்றாக இருப்பது வேறு. ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஏதோ ஒரு அளவைக் குறைக்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஈசிஜிகள் ஞாபகம் வரும். (எலியில் குறைக்கிறது என்றால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். எலிக்குக் குணமான புற்றுநோய்கள் ஏராளம்.)

இப்போது எல்லாரும் கேட்பது எடை குறைக்கும் ஊசியைப் பற்றி. செமாகுளுடைட் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தை 20 சதவீதம் குறைக்கிறது என்ற செய்தி 2023-இல் வந்தது. நல்ல ஆய்வு, 17,604 பேர், குலுக்கல் முறை. எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரித்துப் பாருங்கள். மூன்று வருடம் சொச்சத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றும் சேர்ந்து வெற்று ஊசிக் குழுவில் 8 சதவீதம், மருந்துக் குழுவில் 6.5 சதவீதம். நூறு பேருக்கு ஒன்றரைப் பேர். பக்கவிளைவு தாங்காமல் நிரந்தரமாக நிறுத்தியவர்கள் மருந்துக் குழுவில் 16.6 சதவீதம், மற்ற குழுவில் 8.2. ஆய்வில் இருந்த எல்லாருக்கும் ஏற்கெனவே இதய நோயோ ரத்தக்குழாய் நோயோ உண்டு, எடையும் அதிகம், வயது 45-க்கு மேல். கல்யாணத்துக்குள் நாலு கிலோ குறைக்க நினைக்கும் இருபத்தெட்டு வயதுக்காரருக்கும் இந்த 20 சதவீதத்துக்கும் சம்பந்தமே இல்லை.

சந்தோஷமாகத் தலைகீழான கதை ஒன்று: வேர்க்கடலை. ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலையே கொடுக்காதீர்கள் என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவுறுத்தியது. ஒவ்வாமை குறையவில்லை. லண்டனில் மருத்துவர் கிடியன் லாக்கின் குழு 640 குழந்தைகளை வைத்து எதிர்ப்பக்கம் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டது. ஐந்து வயதில் பார்த்தபோது, வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை, ஒரு வயதுக்குள்ளேயே ஆரம்பித்துச் சாப்பிட்டு வந்தவர்களில் 3.2 சதவீதம் பேருக்குத்தான். ஒதுக்கி வைத்ததுதான் ஒவ்வாமைக்கு வழிவிட்டிருக்கிறது. ஆனால் கடுமையான கரப்பான் தோல்நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. முழுக் கடலையைச் சின்னக் குழந்தைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அரைத்து, குழைத்துத்தான்.

தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது எந்த ஆய்விலும் பிறந்த எண் இல்லை. 1960-களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயர் அது. சராசரி 72 வயதான பெண்களை வைத்து நடந்த 2019 ஆய்வில், சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. முட்டிவலியோடு பத்தாயிரத்தை எட்டியே தீருவேன் என்று வீட்டுக்குள் வட்டமடிக்கும் பாட்டிகள் உட்காரலாம்.

புதுச் செய்தியோடு வருபவர்களை நான் வரவேற்கிறேன். கூகுள் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று எரிச்சல்படும் சக மருத்துவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. செய்தியைக் கொண்டு வாருங்கள், கூடவே இதை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்: ஆய்வில் இருந்தவர்கள் உங்கள் வயதா, உங்கள் நோயா? நூறு பேரில் எத்தனை பேர் எத்தனையாக மாறினார்கள்? குலுக்கிப் பிரித்துப் பார்த்ததா, சும்மா கவனித்ததா? செய்தியில் இந்த விவரம் எதுவுமே இல்லாவிட்டால் அதை எழுதியவருக்கே தெரியாது என்று பொருள். அப்படிப்பட்டதை நம்பி எதையும் மாற்ற வேண்டாம்.

மாத்திரையை ஆரம்பிப்பதில் ஒரு வாரம் தாமதமானால் பெரும்பாலும் குடி முழுகிவிடாது. நிறுத்துவதில்தான் எனக்குப் பயம். ஸ்டென்ட் வைத்தபின் கொடுக்கப்படும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவற்றை மருத்துவர் சொன்ன காலத்துக்கு முன் விட்டால், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும், அது சாதாரண மாரடைப்பைவிட மோசமாகப் போகக்கூடும். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டால் வலிப்பு தொடர்ந்து வரலாம். ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் கொடுக்கப்படும் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் வகை மாத்திரைகளை ஒரே நாளில் விட்டால் இதயம் எகிறித் துடிக்கும், நெஞ்சுவலி திரும்பலாம். சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருக்கும், திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிப் போவார்கள். இவற்றில் எதைப் பற்றி என்ன செய்தி வந்தாலும், படித்த அன்று ராத்திரிக்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் உங்கள் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.