பி0302 வந்தால் காயில் வாங்க ஓடாதீர்கள்

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, நிற்கும்போது வண்டி நடுங்குகிறது, ஸ்கேனரைச் செருகினால் பி0302 என்ற கோளாறு எண். உடனே இரண்டாவது சிலிண்டருக்குப் பொறிக்கு மின்சாரம் தரும் புதுக் காயில் வாங்கிப் போட்டுவிடுவார்கள், நடுக்கம் அப்படியே இருக்கும். ஸ்கேனர் பொய் சொல்லவில்லை, ஆனால் காயில் போய்விட்டது என்றும் அது சொல்லவில்லையே.

இன்ஜினை நடத்தும் கணினிக்கு சிலிண்டருக்குள் எட்டிப்பார்க்க வழி கிடையாது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு பற்சக்கரத்தைத்தான் அது கவனிக்கிறது. பல வண்டிகளில் 60 பல்லுக்கான இடம் இருக்கும், பல் 58தான், அந்த இரண்டு பல் இடைவெளி எண்ணத் தொடங்குவதற்கான அடையாளம். ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துகொண்டே இருக்கும். நாலு சிலிண்டர் இன்ஜினில் அரைச்சுற்றுக்கு ஒரு சிலிண்டர் எரிந்து தள்ளவேண்டும், தள்ளாத அரைச்சுற்றில் வேகம் துளி குறையும். அது யாருடைய முறை என்பதை வால்வுகளைத் திறக்கும் தண்டின் நிலையைச் சொல்லும் கேம் சென்சாரையும் வைத்துக் கணக்குப்போட்டு, இரண்டாவது சிலிண்டர் தள்ளவில்லை என்று பதிவுசெய்கிறது. அவ்வளவுதான் பி0302. பொறி வராமல் இருக்கலாம், பெட்ரோல் வராமல் இருக்கலாம், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை இறுக்கும் அழுத்தம், இல்லாமலும் இருக்கலாம்.

காயிலின் மின்சுற்றில் கோளாறு என்றால் பி0352 என்று தனியாக ஒரு எண் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் காயிலுக்குள் 12 வோல்ட் ஓடும் முதல் கம்பிச்சுற்றைப் பற்றியது. கணினி அதில் சில மில்லிவிநாடி மின்சாரம் விட்டு சட்டென்று வெட்டும்போது, காந்தப்புலம் சரிந்து, இரண்டாவது கம்பிச்சுற்றில் 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும். அவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரம் எது சுலபமோ அந்த வழியில் போய்விடும். பொறி தாவும் பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தால், அதைத் தாண்டுவதைவிட பிளக்கை மூடியிருக்கும், விரிசல் விட்ட ரப்பர் பூட் வழியே பக்கத்து உலோகத்துக்குத் தாவுவது அதற்கு எளிது. பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள், பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அதுதான் மின்சாரம் போன தடம்.

மேடேறும்போது மட்டும் சிலிண்டர் எரியாமல் மிஸ் அடிப்பதும் இதனால்தான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும், தளர்ந்த காயில் அங்கே கைவிட்டுவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துவிட்டு பெட்ரோல் குறைவு என்று தகவல் கொடுக்கும், கணினியும் நம்பி இன்னும் ஊற்றும். பாவம், அந்த சென்சாரையே கழற்றி மாற்றியவர்கள் உண்டு. விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் மேற்கொண்டு ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜினை அணைத்து, சூடு ஆறியபின், இரண்டாவது காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டி, பழைய எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப்பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான். பி0302வே வந்தால் பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள், அப்போதும் எண் நகரவில்லையென்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகலாம். கறுப்புக் கோடு கண்ணில் பட்டிருந்தால் பிளக்கோடு பூட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ஏனென்றால் கோடு பூட்டின் உள்பக்கமும் இருக்கும், புதுப் பிளக்கிலும் மின்சாரம் அதே தடத்தில்தான் ஓடும்.