பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய எண்ணெய்

"2020 ஏப்ரலில் கச்சா எண்ணெயை எடுத்துக்கொண்டால் கையில் பணமும் தருவார்கள் என்று செய்தி வந்ததே, உண்மையா? அப்படியென்றால் நமக்கு ஏன் பெட்ரோல் விலை குறையவில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது.

உண்மைதான். 2020 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. நியூயார்க் சந்தையில் அமெரிக்கக் கச்சா எண்ணெயை மே மாதம் ஒப்படைப்பதற்கான ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. முந்தைய வெள்ளிக்கிழமை அது 18 டாலருக்குச் சற்று மேலே இருந்தது. பின்னணி தெரிந்ததுதான்: கொரோனா ஊரடங்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி பீப்பாய் செலவழித்த உலகம் திடீரென்று 2 கோடிக்கும் மேல் குறைத்துக்கொண்டது. தேவை குறைந்தால் விலை இறங்கும், சரி. பூஜ்யத்தோடு நிற்காமல் அதற்கும் கீழே ஏன் போனது?

தக்காளியை நினைத்துப் பாருங்கள். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாதபோது விவசாயி அதைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார். வயிறு எரியும் காட்சிதான். ஆனால் கொட்ட முடிகிறது என்பதால் அவர் நஷ்டம் அந்த இடத்தில் நிற்கிறது. கச்சா எண்ணெயைக் கொட்ட முடியாது. சட்டம் விடாது, மண்ணும் தாங்காது. கிணற்றை மூடவும் செலவு உண்டு. மூடிய கிணறு பழையபடி சுரக்காமலும் போகலாம். ஆகவே எண்ணெய்க்கு ஒரு தொட்டி இருந்தே தீர வேண்டும்.

நியூயார்க்கில் கைமாறியது முன்பேர ஒப்பந்தம்; அதாவது பின்னால் ஒரு கெடுவில் கைமாறப் போகும் சரக்குக்கு இன்றே விலை பேசிக்கொள்வது. ஒரு ஒப்பந்தம் 1,000 பீப்பாய். வாங்குபவர்களில் பெரும்பாலோர் எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. கெடுவுக்கு முன்பே வேறொருவரிடம் தள்ளிவிடுவார்கள். கெடு முடியும்போது கையில் வைத்திருப்பவர் மட்டும் ஒக்லஹோமா மாநிலத்தில் குஷிங் என்ற ஊரில் எண்ணெயை உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர் அது. ஆனால் பெரிய பெரிய குழாய்கள் வந்து சேரும் சந்திப்பு. சுற்றிலும் எண்ணெய்த் தொட்டிகள்.

நான் வியந்து ரசிப்பது இந்த ஒரு நிபந்தனையைத்தான். காகிதத்தின், அதாவது ஒப்பந்தத்தின் விலை குஷிங்கில் உள்ள எண்ணெயின் விலையைவிட ஏறினால், எண்ணெயை வாங்கி, காகிதத்தை விற்று, கெடு நாளில் சரக்கைக் கொடுத்து லாபம் பார்ப்பார் ஒருவர். காகிதம் மலிந்தால் இன்னொருவர் அதை வாங்கி, எண்ணெயை எடுத்து, விற்றுவிடுவார். இந்த இரண்டு பேரின் ஆசையும் இரு பக்கமும் இழுத்து, கெடு நெருங்க நெருங்க இரண்டு விலையையும் ஒன்றாக்கிவிடும். எந்த அதிகாரியும் உத்தரவு போட வேண்டியதில்லை.

இதில் இரண்டாமவருக்குத் தொட்டி வேண்டும். அந்த ஏப்ரலில் குஷிங்கின் கொள்ளளவு சுமார் 7.6 கோடி பீப்பாய். அதில் 6 கோடி அளவுக்கு நிரம்பிவிட்டது. மிச்சமும் பெரும்பாலும் முன்பதிவாகிவிட்டது. மலிந்ததை வாங்கிச் சேமிக்க ஆளில்லை. கெடு மறுநாள். தொட்டி இல்லாமல் ஒப்பந்தத்தை வைத்திருந்தவர்கள், இதை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று பணம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அதே நாளில் ஜூன் மாத ஒப்பந்தம் 20 டாலருக்குச் சற்று மேலே முடிந்தது. அதே எண்ணெய், அதே ஊர், ஒரு மாதம் தள்ளி. வித்தியாசம் 58 டாலர்! ஒரு பீப்பாயை ஒரு மாதம் வைத்திருக்கும் இடத்துக்கு அன்று சந்தை வைத்த வாடகை என்றே இதைச் சொல்லலாம். இரண்டு மாதங்களின் விலை வித்தியாசத்துக்குள் தொட்டி வாடகை ஒளிந்திருக்கிறது என்பது முதன்முதலில் புரிந்தபோது, எனக்கு விலைப் பட்டியலே வேறு மாதிரி தெரியத் தொடங்கியது.

குஷிங் இருப்பை அமெரிக்க அரசு வாராவாரம் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் ஊரில் கிரக நிலையைப் பார்த்துக் கமாடிட்டி விலை சொல்பவர்களிடம் காசைக் கொடுக்கிறார்கள். சனியும் ராகுவும் தொட்டியை நிரப்புவதில்லை. வெங்காயத்துக்கும் துவரைக்கும் இப்படி ஒரு வாராந்தர இருப்புக் கணக்கை எல்லாரும் படிக்கும்படி வெளியிட அரசு தாராளமாகச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

இந்தியாவிலும் அடி விழுந்தது. நியூயார்க் விலையை ஒட்டி நம் எம்சிஎக்ஸ் என்ற சரக்கு முன்பேரச் சந்தையின் ஏப்ரல் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் முடிக்கப்படும். ஊரடங்கால் இங்கே மாலை 5 மணிக்கே வணிகம் மூடிவிட்டது. நியூயார்க் விலை முடிவானது நம் நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கு. இடைப்பட்ட ஏழு மணி நேரம் எதையும் விற்க வழியில்லாமல் இருந்தவர்களுக்குக் கணக்கு பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாயில் முடிந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போனது.

அப்புறம் பெட்ரோல். நாம் இறக்குமதி செய்யும் எண்ணெயின் விலை குஷிங்கை ஒட்டியதல்ல; வளைகுடா எண்ணெய், பிரென்ட் எனப்படும் ஐரோப்பிய வடகடல் எண்ணெய் ஆகியவற்றின் விலைகளை ஒட்டியது. அவை கடல் வழியாகப் போகும் எண்ணெய். ஒரே ஊர்த் தொட்டிக்குள் சிக்காதவை. அந்த ஏப்ரலில் நமக்குச் சராசரியாகப் பீப்பாய் 20 டாலர் அளவில் கிடைத்தது. அதுவே மிக மலிவுதான். ஆனால் மே மாதம் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டியது. தமிழ்நாடு அரசும் தன் பங்கு வரியை உயர்த்தியது. மலிவின் பலன் அங்கே போய்விட்டது.

ஒரு நல்ல காரியமும் அந்த வாரங்களில் நடந்தது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடிக் கிடங்குகளில் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் பிடிக்கும். மலிவு விலையில் வாங்கி அவற்றை விளிம்புவரை நிரப்பினார்கள். இதனால் சுமார் 5,000 கோடி ரூபாய் மிச்சமானது என்று அரசு கணக்குச் சொன்னது.